நான்கு ஃபிளாஷ், ஒரு வளையம்: ஆரி பிளவுஸ் படங்களுக்காக வீட்டிலேயே கட்டிய ரிங் லைட்

வேலை இதுதான். பெங்களூரு அல்சூரில் மாடியில் ஓர் அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஆரி வேலை செய்த கல்யாண பிளவுஸ்களை ஆள் அணிந்த நிலையில் இடுப்புக்கு மேல் படமெடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் ஒளி ஒரே மாதிரி இருக்க வேண்டும், பின்சுவரில் ஒருபக்க நிழல் விழக்கூடாது. இரண்டு சாஃப்ட்பாக்ஸை (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) இருபுறமும் நிறுத்தினால் அறையில் நடக்க இடமிருக்காது. லென்ஸைச் சுற்றியே ஒளி வந்தால் இடப் பிரச்சினையும் நிழல் பிரச்சினையும் சேர்ந்தே தீரும்.

வளைய ஃபிளாஷ் பழைய உத்திதான். 1952இல் லெஸ்டர் டைன் பல் மருத்துவப் படங்களுக்காக இதை உருவாக்கினார். வாயின் உட்புறத்தை நிழலில்லாமல் காட்ட லென்ஸைச் சுற்றி ஒளி வைப்பதைவிட நேரான வழி இல்லை. பிறகுதான் ஃபேஷன் படக்காரர்கள் கையில் அது வந்தது.

கடையில் கிடைக்கும் 18 அங்குல எல்.இ.டி. ரிங் லைட் இந்த வேலைக்கு ஏன் ஆகாது என்பதை முதலில் சொல்லிவிடலாம். வீடியோவுக்கும் செல்ஃபிக்கும் அது நல்ல சாதனம். ஆனால் ஜரியின் இழை தெரிய வேண்டும், கழுத்து வேலையும் கை வேலையும் ஒரே படத்தில் ஃபோகஸில் நிற்க வேண்டும் என்றால் எஃப் 6.3, எஃப் 8 அளவுக்கு அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளை) மூட வேண்டியிருக்கும். ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்திறன்) 100இல், 1/160 ஷட்டரில், அந்த எல்.இ.டி. வெளிச்சம் கிட்டவே நெருங்காது. சின்ன ஃபிளாஷ் ஒன்றே அதை எளிதாக எட்டிவிடும்.

ஒரே ஃபிளாஷை வைத்து, கண்ணாடி போன்ற வளைவுகளால் ஒளியைச் சுற்றிக் கொண்டுவரும் அடாப்டர்களும் உண்டு. ஒளியில் பெரும்பகுதி வழியிலேயே தின்றுபோகும், மேல்பாதி பிரகாசமாகவும் கீழ்பாதி மங்கலாகவும் இருக்கும். நான்கு ஃபிளாஷ் வைப்பதில் பலம் கூடுகிறது என்பது உண்மைதான். நான்கு சமமான ஃபிளாஷ் சேர்ந்தால் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) கூடும், அதாவது ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் வழிகாட்டு எண் இரட்டிப்பாகும். ஆனால் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு ஃபிளாஷ் 1/2 பவரில் தரும் ஒளியை நான்கும் தலைக்கு 1/8இல் தந்துவிடும். 1/8இல் மறுபடி சார்ஜ் ஆவது சட்டென்று நடக்கும், சூடு குறையும், மின்னல் நேரமும் சுருங்குவதால் துப்பட்டா அசைந்தாலும் படம் கலங்காது. கூடவே, மேல் இரண்டையும் கீழ் இரண்டையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். ஆரி வேலைக்கு இதுதான் உயிர். அதைப் பின்னால் பார்ப்போம்.

எந்த ஃபிளாஷ்

நான்கும் ஒரே மாடலாக இருக்கட்டும். நிறுவனம் மாறினால் நிறம் மாறும். ஒரு தோளில் லேசான நீலமும் மறுதோளில் மஞ்சளும் விழுந்தால் வெள்ளைச் சமநிலையை எப்படித் திருகினாலும் சரியாகாது. இங்கே எடுத்துக்கொண்டது கோடாக்ஸ் டி.டி.600. மேனுவல் மட்டும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிசீவர் உள்ளேயே உண்டு, நான்கு டபுள்-ஏ பேட்டரி, 1/128 வரை இறக்கலாம். யோங்நுவோ 560 ஐ.வி. வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். ஒளியின் அளவைக் கேமராவே தீர்மானிக்கும் டி.டி.எல். வசதிக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. தூரம் மாறாத வேலையில் அது படத்துக்குப் படம் ஒளியை மாற்றித் தொந்தரவுதான் தரும்.

பழைய சாமான் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஃபிலிம் காலத்து ஃபிளாஷ்களை வயர் போட்டு ஒன்றாக இணைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். அவற்றில் சிலவற்றின் டிரிக்கர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இன்றைய கேமராக்கள் எல்லாம் அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டைத் தாண்டிய சார்ஜை, பேட்டரியைக் கழற்றிய பிறகும் பிடித்துவைத்திருக்கும். ஃபிளாஷைத் திறந்து பார்க்கும் வேலையே வேண்டாம்.

சாமான்கள்

9 மி.மீ. பிளைவுட், 480 மி.மீ. சதுரத் துண்டு ஒன்று. 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர்) பைப் 135 மி.மீ. நீளம், எந்த பிளம்பிங் கடையிலும் வெட்டுத்துண்டாகக் கிடைக்கும். 3 மி.மீ. சன்போர்டு (நுரைப் பலகை), 120 மி.மீ. அகலம், 1100 மி.மீ. நீளம். 40 மி.மீ. அலுமினிய எல்-ஆங்கிள் நான்கு துண்டு, நான்கு கோல்டு ஷூ (ஃபிளாஷின் அடியைச் செருகும் பிடி), அவற்றுக்கான கால் அங்குல போல்ட்டுகள், வாஷர், விங் நட். தடிமனான ட்ரேசிங் பேப்பர் ஒன்று, வெள்ளை பாலியெஸ்டர் துணி அரை மீட்டர், வெல்க்ரோ, மேட் வெள்ளை பெயிண்ட், கறுப்பு ஃபெல்ட் துணி. பேட்டரி பதினாறு, எல்லாம் ஒரே வகை ரீசார்ஜபிள்.

எஸ்.பி. ரோட்டில் எலெக்ட்ரானிக்ஸ் சாமானும், அவென்யூ ரோட்டில் பேப்பரும், சிக்பேட்டையில் துணியும் வாங்கிக்கொண்டு வரலாம். மூன்றும் நடக்கும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், எஸ்.பி. ரோட்டில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சட்டத்துக்கான மொத்தச் செலவு ஒரு ஃபிளாஷ் விலையில் பாதிகூட வராது.

பலகை

பிளைவுட்டின் நடுவில் 112 மி.மீ. விட்டத்தில் ஓட்டை. பைப் அதில் உட்காரும். ஃபிளாஷ்கள் மணி 12, 3, 6, 9 என்று வரவேண்டாம். பெருக்கல் குறி போல மூலைவாட்டில் வைக்க வேண்டும். இரண்டு காரணம். கீழே நடுவில் ஸ்டாண்டுக்கும் கேமராவின் டிரைபாடுக்கும் இடம் வேண்டும். அடுத்து, மேல் ஜோடி, கீழ் ஜோடி என்று இரண்டே குழுவாகப் பிரித்தால் டிரிக்கரில் (கேமராவிலிருந்து ரேடியோ வழியே ஃபிளாஷ்களை எரியவைக்கும் கருவி) வேலை சுலபம்.

மையத்திலிருந்து 95 மி.மீ. தூரத்தில் மூலைக்கொன்றாக 80க்கு 55 மி.மீ. சாளரம் வெட்டுங்கள். நீளப்பக்கம் ஓட்டையைச் சுற்றிய வட்டத்தின் போக்கில் இருக்கட்டும். ஃபிளாஷின் உடல் பலகைக்குப் பின்னால், வெளிநோக்கிப் படுத்திருக்கும். தலை 90 டிகிரி மடங்கி, சாளரம் வழியே 20 மி.மீ. முன்னால் நீட்டும். ஷூ பக்கம் வெளிவிளிம்பில் வரும். அங்கே எல்-ஆங்கிளின் ஒரு காலைப் பலகையில் போல்ட் போட்டு, பின்னோக்கி நிற்கும் மறுகாலின் உட்பக்கத்தில் கோல்டு ஷூவைப் பொருத்துங்கள். ஃபிளாஷைப் பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளினால் ஷூவில் உட்காரும்போதே தலையும் சாளரத்தில் நுழைந்துவிடும். திரையும் பொத்தானும் படமெடுப்பவரைப் பார்த்தே இருக்கும், இது தினசரி வேலையில் பெரிய ஆறுதல். ஆங்கிளின் இடம் மையத்திலிருந்து ஏறக்குறைய 220 மி.மீ. வரும். ஆனால் எண்ணை நம்பித் துளையிட வேண்டாம், ஃபிளாஷைப் பலகையில் படுக்கவைத்து அளந்து குறித்த பிறகே துளையிடுங்கள். துளையை 10 மி.மீ. நீளப் பள்ளமாக இழுத்துவிட்டால் பின்னால் சரிசெய்யவும் வழியிருக்கும்.

ஒளிப்பெட்டி: வேலை கெடுவதும் தேறுவதும் இங்கேதான்

வளைய ஒளி சமமாக வருவது ஃபிளாஷ் எண்ணிக்கையால் அல்ல, ஃபிளாஷ் தலைக்கும் ஒளியைப் பரப்பும் டிஃப்யூசருக்கும் நடுவில் விடும் இடைவெளியால். பெரும்பாலானவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். தலைகளை லென்ஸைச் சுற்றிக் கட்டி, மேலே ஒரு வெள்ளைத் துணியை ஒட்டி, படத்தில் ஆளின் கண்ணில் ஏன் நான்கு புள்ளி தெரிகிறது என்று குழம்புகிறார்கள். தலைக்கு 20 மி.மீ. முன்னால் டிஃப்யூசர் இருந்தால் ஒவ்வொரு தலையும் தன் அளவுக்கு ஒரு வெள்ளைச் சதுரத்தைத்தான் அதில் வரையும். பக்கத்துத் தலையின் ஒளி வந்து கலக்க இடமே இல்லை. நம் அமைப்பில் பக்கத்துப் பக்கத்துத் தலைகளின் மையங்களுக்கு நடுவே நேர்கோட்டில் 134 மி.மீ. அதே அளவு ஆழம் கொடுத்தால் ஒரே அடுக்கு டிஃப்யூசர் போதும். ஆனால் பெட்டி அவ்வளவு ஆழமானால் லென்ஸ் குகைக்குள் மாட்டிக்கொள்ளும். ஆகவே 120 மி.மீ. ஆழம், இரண்டு அடுக்கு. தலையிலிருந்து 40 மி.மீ. முன்னால் ட்ரேசிங் பேப்பர், அதற்கும் 60 மி.மீ. முன்னால் பாலியெஸ்டர் துணி. முதல் அடுக்கு ஒளியை விரித்துவிடும், இரண்டாவது அடுக்குக்கு வரும்போது திட்டுகள் கரைந்திருக்கும். ஃபிளாஷின் ஜூமை மிக அகலமான அளவில் வைத்து, தலையிலுள்ள அகலப் பலகத்தையும் இழுத்துவிடுங்கள்.

வெளிச்சுவரின் விட்டம் 340 மி.மீ., சுற்றளவு ஏறக்குறைய 1068 மி.மீ.; மீதி 30 மி.மீ. மேல்படிந்து ஒட்ட. சன்போர்டை அப்படியே வளைத்தால் முறியும். வெளிப்பக்கத்தில் 20 மி.மீ.க்கு ஒரு கோடு, பாதி ஆழம் மட்டும் கத்தியால் கீறுங்கள், பிறகு தானாக வளையும். பெட்டியை இதைவிடப் பெரிதாக்க ஆசைப்பட வேண்டாம். தலைகள் 95 மி.மீ. ஆரத்தில் இருக்கின்றன, வெளிவிளிம்பைத் தள்ளிக்கொண்டே போனால் ஓரம் இருண்டு, உள்ளே மட்டும் பளிச்சென்று இருக்கும்.

உட்சுவர்தான் அந்தப் பைப். சாம்பல் நிறத்தில் வருவதால் வெளிப்பக்கம் மேட் வெள்ளை இரண்டு கோட் அடிக்க வேண்டும். உட்பக்கம் முழுக்கக் கறுப்பு ஃபெல்ட் ஒட்ட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் பைப்பின் உள்வழுவழுப்பில் பட்ட ஒளி லென்ஸில் விழுந்து படமே வெளிறும், கறுப்பு பிளவுஸ் சாம்பலாகத் தெரியும். பெட்டிக்குள் அலுமினிய ஃபாயில் ஒட்டலாமா என்று கேட்பவர்கள் அதிகம். வேண்டாம். ஃபாயில் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்புவதால் டிஃப்யூசரில் கோடுகோடாகத் தெரியும். மேட் வெள்ளை கொஞ்சம் ஒளியைத் தின்றாலும் சிதறடித்துத் தரும், நமக்கு வேண்டியது அதுதான்.

எந்த லென்ஸ் நுழையும்

கேமராவின் உடல் ஃபிளாஷ்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஃபிளாஷ் உடலுக்கு 80 மி.மீ., பெட்டிக்கு 120 மி.மீ., ஆக லென்ஸ் மவுன்டிலிருந்து வளையத்தின் முன்விளிம்பு வரை 200 மி.மீ. குழாய் படத்தின் மூலையை மறைக்காமல் இருக்க, லென்ஸின் ஒளிநுழைவுப் புள்ளி முன்விளிம்புக்கு எவ்வளவு பின்னால் இருக்கலாம் என்று கணக்குப் போடலாம்: குழாயின் ஆரத்தை, மூலைவிட்டக் கோணத்தின் பாதியின் டேஞ்சன்ட்டால் வகுக்க வேண்டும். ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ. லென்ஸுக்கு இது ஏறக்குறைய 200 மி.மீ. வரை, 50 மி.மீ.க்கு 118 வரை, 35க்கு 82 வரை. 85 லென்ஸ் வசதியாக நுழையும். குட்டையான 50 லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் மூலைகளை இருட்டாக்கும். அதே 50, அளவில் சிறிய கிராப் சென்சாரில் கச்சிதம், கோணம் குறுகிவிடுகிறதல்லவா. 24-70 இருந்தால் 70 முனையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஃபுல் ஃபிரேம், 85, நிமிர்ந்த ஃபிரேம், ஒன்றரை மீட்டர் தூரம்: உயரத்தில் ஏறக்குறைய 63 செ.மீ. அடங்கும். கழுத்திலிருந்து இடுப்பு வரை பிளவுஸுக்கு இது போதும், பன்னிரண்டடி அறைக்கும் பொருந்தும்.

ஃபிளாஷ் ஒவ்வொன்றும் பேட்டரியோடு அரை கிலோ. பலகை, பெட்டி, ஆங்கிள் எல்லாம் சேர்ந்தால் நாலு கிலோவுக்குக் குறையாது. இதைக் கேமராவில் மாட்டக்கூடாது. வளையம் தனி ஸ்டாண்டில், காலில் மணல் மூட்டையோடு. கேமரா தனி டிரைபாடில். லென்ஸ் பைப்பைத் தொடாமல் நடுவில் நின்றால் செங்குத்துப் படமாகத் திருப்புவதும் சிரமமில்லை.

ஒளி அளவு

அகலக் கோணத்தில் ஒரு ஃபிளாஷின் வழிகாட்டு எண் 28 என்று எடுத்துக்கொள்வோம், மீட்டரில், ஐ.எஸ்.ஓ. 100க்கு. நான்கும் சேர்ந்து 56. 1/8 பவரில் 20க்குக் கொஞ்சம் குறைவு. பெட்டியும் இரண்டு டிஃப்யூசரும் இரண்டு ஸ்டாப் தின்னும் என்றால் 10. ஒன்றரை மீட்டருக்கு வகுத்தால் எஃப் 6.6. ஆகவே தொடக்கம்: ஐ.எஸ்.ஓ. 100, 1/160, எஃப் 6.3, நான்கும் 1/8. ஃபிளாஷை அணைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள், முழுக் கறுப்பாக வர வேண்டும். வராவிட்டால் ஜன்னல் வெளிச்சமோ டியூப்லைட்டோ கலந்து நிறத்தைக் கெடுக்கிறது. ட்ரேசிங் பேப்பர் ஒளியை லேசாக மஞ்சளாக்கும். அதனால் வெள்ளைச் சமநிலையை ஃபிளாஷ் குறியில் விடாமல் சாம்பல் நிற கிரே கார்டு வைத்து அமைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் மணி

வளையம் சமமா என்று பார்க்கப் பளபளக்கும் சைக்கிள் மணியின் மூடிபோல் கருவி வேறில்லை. ஆள் நிற்கும் இடத்தில், நெஞ்சு உயரத்தில் அதை நிறுத்துங்கள். ஃபிளாஷை 1/128க்கு இறக்கி, அப்பர்ச்சரை முழுக்க மூடி ஒரு படம். கேமரா திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் குரோமியத்தின் வளைவில் முழு வளையமும் சின்னதாகத் தெரியும், நடுவில் லென்ஸின் கறுப்புப் பொட்டு. நான்கு மூலையில் வெள்ளை உப்பல், நடுநடுவே சாம்பல் என்றால் டிஃப்யூசர் தலைக்கு மிக அருகில் இருக்கிறது. கால்பங்கு வளையம் இருட்டு என்றால் அந்த ஃபிளாஷ் எரியவில்லை. படத்தில் வலப்பக்கம் தெரிவது உங்கள் வலப்பக்க ஃபிளாஷ்தான், மணியில் இடம் வலம் மாறும் என்று நினைத்து நல்ல ஃபிளாஷைக் கழற்றாதீர்கள். உப்பலுக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் அரை ஸ்டாப்புக்குள் இருந்தால் உடம்பில் தெரியாது, கண்ணிலும் ஒரே வட்டமாகத்தான் விழும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் இந்த ஒரு படம் எடுப்பது நல்ல பழக்கம்.

எரியாமல் போகும் ஃபிளாஷ்

“அண்ணா, ஒரு பக்கம் டல்லா இருக்கு” என்று உதவியாளர் சொன்னால் பத்தில் பல தடவை காரணம் ரேடியோதான், அதிலும் தூரம் குறைவாக இருப்பது. டிரிக்கர் கேமராவின் தலையில், ஃபிளாஷ்கள் அதிலிருந்து ஒரு சாண் தொலைவில். கோடாக்ஸ் டிரிக்கர்கள் வழக்கமாக 1 முதல் 100 மீட்டருக்கான நிலையில் வரும். அவ்வளவு கிட்டத்தில் சிக்னல் மிதமிஞ்சிப் போய் ரிசீவர் தடுமாறும். அமைப்பில் 0 முதல் 30 மீட்டர் என்ற நிலைக்கு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்போதும் விட்டுவிட்டு எரிந்தால் சேனலை மாற்றுங்கள். பெங்களூரு அடுக்குமாடியில் பத்து வீட்டு வைஃபை அதே 2.4 அலைவரிசையில்தான் ஓடுகிறது.

அடுத்தது பேட்டரி. ஆல்கலைன் செல்லின் உள்தடை அதிகம், கொஞ்சம் பயன்படுத்தியதுமே ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆக நேரமெடுக்கும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களே சரி. ஆனால் நான்கில் ஒன்று தளர்ந்தாலும் அந்த ஃபிளாஷ் மற்ற மூன்றைவிடப் பின்தங்கும், அடுத்தடுத்து எடுக்கும்போது அரைகுறையாக எரியும். செல்களுக்கு ‘க’, ‘ங’, ‘ச’, ‘ஞ’ என்று ஸ்டிக்கர் ஒட்டி, நான்கு நான்காகவே சார்ஜ் செய்து, நான்கு நான்காகவே போடுங்கள். கலந்துவிட்டால் எது கெட்டது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும்.

ரேடியோ இல்லாத மலிவு ஃபிளாஷ்களில் ஆப்டிகல் ஸ்லேவ் (வேறு ஃபிளாஷின் ஒளியைப் பார்த்துத் தானும் எரியும் வசதி) இருக்கும். அறைக்குள் வேலை செய்யும். ஆனால் பலகைக்குப் பின்னால் உள்ள சென்சாருக்கு முன்புற ஒளி தெரிய வேண்டுமே, அதற்குப் பின்சுவர் வெள்ளையாக இருப்பது உதவும். வெயிலில் அதை நம்ப முடியாது.

ஆரி வேலைக்கு வேண்டிய ஏற்ற இறக்கம்

நான்கும் சமமாக எரிந்தால் நிழல் போகும், கூடவே வேலைப்பாட்டின் மேடுபள்ளமும் போகும். ஜர்தோசிச் சுருள் தட்டையாகும், முத்து வட்டப் பொட்டுபோல் தெரியும். தைத்தவர் பார்த்தால் மனம் நோகும். மேல் ஜோடியை 1/4, கீழ் ஜோடியை 1/16 என்று வையுங்கள், இரண்டு ஸ்டாப் வித்தியாசம். ஒவ்வொரு முத்துக்கும் அடியில் ஒரு மெல்லிய நிழல் வந்துவிடும், சுருள் எழுந்து நிற்கும், கழுத்தடியும் கொஞ்சம் ஆழமாகும். மொத்த ஒளி மூன்றில் ஒரு ஸ்டாப் கூடும், அப்பர்ச்சரை ஒரு கிளிக் மூடினால் போதும். பின்னல் கனமாக உள்ள கல்யாண பிளவுஸுக்கு இதுதான் இயல்பு நிலை. வெறும் பட்டுக்கும் மெல்லிய நூல் வேலைக்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம் போதும்.

பின்சுவர் நிழலும் கையில்தான் இருக்கிறது. ஒன்றரை மீட்டரில் நிற்பவருக்குப் பின்னால் சுவர் 30 செ.மீ. தள்ளி என்றால் உடலைச் சுற்றி 3 செ.மீ. அகலத்தில் ஒரு கறுப்பு விளிம்பு விழும். ஃபேஷன் படங்களில் வரும் அந்த விளிம்பு இதுதான். கேட்டலாக்குக்கு வேண்டாம் என்றால் ஆளைச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் முன்னால் கொண்டுவாருங்கள், விளிம்பு பரவி மறைந்துவிடும்.

கண் சிவப்பது வளைய ஒளியின் பிறவிக் குறை. உள்விளிம்பு லென்ஸின் அச்சிலிருந்து ஐந்தரை செ.மீ. தள்ளித்தான் இருக்கிறது, ஒன்றரை மீட்டரில் அது இரண்டு டிகிரிதான். இருட்டறையில் கண்பாவை விரிந்திருந்தால் சிவப்பு உறுதி. பைப்பைச் சுற்றி, முதல் டிஃப்யூசருக்குப் பின்னால், 12 வோல்ட் வெள்ளை எல்.இ.டி. பட்டை ஒரு சுற்று ஓட்டிவிடுங்கள். பாவை சுருங்கும், ஃபோகஸ் பிடிக்கவும் வெளிச்சம் கிடைக்கும், எஃப் 6.3இல் படத்தில் அது பதியாது.

கண்ணாடி பதித்த வேலை வந்தால் மட்டும் இந்த வளையம் தோற்கும். ஒவ்வொரு கண்ணாடித் துண்டிலும் ஒரு வெள்ளை வட்டம் கறுப்புப் பொட்டோடு உட்கார்ந்துகொள்ளும், பளபளக்கும் தங்க ஆரத்திலும் அப்படியே. அந்த பிளவுஸ்களுக்குக் கீழ் ஜோடியை அணைத்துவிட்டு, மேல் ஜோடியைக் கழற்றி, ஒன்றை இடப்பக்கச் சுவரில், ஒன்றை மேல்கூரையில் அடித்துத் திருப்புங்கள். விங் நட் போட்டிருப்பதால் கழற்ற ஸ்பேனர் தேட வேண்டியதில்லை.